தலைமாட்டுக் காவல்

பல வருஷங்களுக்கு முன் ஒரு ரயில் சந்திப்பில் இரவு முழுவதும் காத்திருக்க நேர்ந்தது. இணைப்பு வண்டி போய்விட்டது. அடுத்த வண்டி விடியற்காலையில்தான். கையில் ஒரு பை. பைக்குள் இரண்டு வேட்டி, ஒரு துண்டு, நான் எழுதி முடித்திருந்த முதல் நாவலின் கையெழுத்துப் பிரதி. வேறு பிரதி கிடையாது. பையைத் தலைக்கு வைத்துப் பிளாட்பாரத்தில் படுத்தேன். கண்ணை மூடினால் யாரோ பையை இழுப்பது போல் இருக்கும்; எழுந்து உட்காருவேன். மறுபடி படுப்பேன். நடுநிசியும் தாண்டிவிட்டது. பக்கத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு கிழவி இந்த வேடிக்கையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "ஏன் தம்பி இப்படி அவஸ்தைப்படறே? எனக்கு எப்படியும் தூக்கம் வராது. நீ கண்ணை மூடு, நான் பார்த்துக்கறேன்" என்றாள். அடுத்த நிமிஷம் தூங்கிப்போனேன்.

தரை அதே சிமெண்டுத் தரைதான். மேலே அதே தகரக் கூரைதான். கிழவியின் ஒரு வார்த்தை கூடச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

அந்த இரவை நான் மறந்தே போயிருந்தேன். அமெரிக்க நகரங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று நினைவுக்கு வந்தது. அங்கே சில நகரசபைகள், வீடில்லாதவர்கள் இரவில் படுப்பதற்கென்று திறந்த வெளியில் ஓர் இடத்தை ஒதுக்கி, வேலி போட்டு, கூடாரம் கொடுத்து, வாசலில் ஆள் வைத்து நடத்தியிருக்கின்றன. அதற்கு அவை வைத்த பெயர் 'பத்திரமாகத் தூங்கும் இடம்.' பெயரைக் கவனியுங்கள். வீடு என்று சொல்லவில்லை. விடுதி என்றும் சொல்லத் துணியவில்லை. தூக்கம், பத்திரம் என்ற இரண்டு சங்கதிகளை மட்டும் வாக்களிக்கிறது அந்தப் பெயர். செல்வம் கொழிக்கும் அந்தத் தேசத்தில் இவை இரண்டையும் ஒன்று சேர்க்க நூற்றைம்பது வருஷம் பிடித்திருக்கிறது. இன்னும் சரியாகச் சேர்ந்தபாடில்லை. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அது ஒரு நாயிடமிருந்து தொடங்குகிறது.

1870-ஆம் ஆண்டில் ஜேக்கப் ரீஸ் என்ற இருபத்தொரு வயது வாலிபன் டென்மார்க்கிலிருந்து நியூயார்க்குக்குக் கப்பலேறி வந்தான். தச்சு வேலை பழகியவன். சொந்த ஊரில் ஒரு பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்து, அவள் மறுத்துவிட்டதால் மனம் கசந்து புறப்பட்டவன். அவளுடைய கூந்தலில் ஒரு சுருள் அடங்கிய சின்னஞ்சிறு தங்கச் சிமிழ் ஒன்று அவன் கழுத்தில், சட்டைக்கு உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. அவனுடைய ஆஸ்தி அது ஒன்றுதான்.

நிலையான வேலை கிடைக்கவில்லை. கையிலிருந்த காசு கரைந்தது. அந்த இலையுதிர் காலத்தில் கடைத் திண்ணைகளிலும் வாசற்படிகளிலும் படுத்தான். ஒரு மழை இரவு, நதித்துறையின் ஓரத்தில் கறுத்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இனி எதற்கு இந்த உயிர் என்ற எண்ணம் மெல்லத் தலைகாட்டிய நேரம். எங்கிருந்தோ வந்த ஒரு குட்டை நாய், நனைந்த உடம்போடு அவன்மேல் ஒண்டிக்கொண்டது. அவன் எழுந்தான். நாயைக் கூட்டிக்கொண்டு சர்ச் தெருப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தான்.

ஏன் போலீஸ் ஸ்டேஷனுக்கு என்று வாசகர்கள் கேட்கலாம். அந்நாளில் நியூயார்க்கில் வீடில்லாதவர்களுக்கு நகரம் கொடுத்த இலவசப் படுக்கை அங்கேதான் இருந்தது. ஸ்டேஷன் கட்டடத்திலேயே ஆண்களுக்கு ஓர் அறை, பெண்களுக்கு ஓர் அறை. பாயும் இல்லை, போர்வையும் இல்லை, வெறும் பலகை. பலகை நிரம்பினால் தரை. ஒரு வருஷத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட படுக்கைகள், பலகையைப் படுக்கை என்று சொல்லலாமானால், இப்படி வழங்கப்பட்டதுண்டு.

நாயை உள்ளே விட முடியாது என்றார்கள். அதை வாசற்படியில் விட்டுவிட்டு ரீஸ் உள்ளே போய்ப் படுத்தான். நடு இரவில் விழித்துக் கழுத்தைத் தடவிப் பார்த்தால் சிமிழைக் காணவில்லை. யாரோ கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சார்ஜெண்டிடம் ஓடிப்போய் முறையிட்டான். தெருவில் திரிகிறவனுக்குத் தங்கச் சிமிழ் ஏது, நீதான் எங்கோ திருடியிருப்பாய் என்பதுதான் சார்ஜெண்டின் பதில். வாலிப ரத்தம், ரீஸ் ஏதோ சூடாகச் சொல்லிவிட்டான். சார்ஜெண்டு அவனை வெளியே தள்ளச் சொன்னான். வாசற்காவலன் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தான். வாசலில் காத்திருந்த நாய், தன் புது எஜமானன் படும் பாட்டைப் பார்த்துவிட்டுக் காவலனின் காலைக் கவ்வியது. அவன் அதைப் பின்னங்கால்களைப் பிடித்துத் தூக்கிக் கல்படியில் அடித்துக் கொன்றான்.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்படி ஒரு சம்பவத்தை நானாகக் கற்பனை செய்து எழுதியிருந்தால், 'கொஞ்சம் மிகை' என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார். ஆனால் ரீஸ் இதைத் தமது சுயசரிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். அன்று அந்த ஸ்டேஷனில் சுவர் இருந்தது, கூரை இருந்தது, காவலுக்குப் போலீஸே இருந்தது. ஓர் ஏழை தன் பொருள் போயிற்று என்று சொன்னபோது அதை நம்புவதற்குத்தான் ஆள் இல்லை.

பிறகு ரீஸ் பத்திரிகை நிருபரானார். போலீஸ் செய்திகளைச் சேகரிப்பது அவர் உத்தியோகம். நகரத்தின் சேரிகளைப் புகைப்படம் எடுத்து, 1890-ல் ஒரு புத்தகம் வெளியிட்டுப் பெரும் புகழ் பெற்றார். போலீஸ் ஸ்டேஷன் அறைகளுக்கும் போனார். பலகைகளில் அடுக்கிப் போட்டது போல் கிடந்தவர்களைப் படம் பிடித்தார். தனி நகரசபை விடுதி கட்டலாம் என்று 1886-லேயே சட்டம் அனுமதித்திருந்தது. பத்து வருஷம் அது காகிதத்திலேயே கிடந்தது. இடையில் டைபஸ் என்ற விஷக் காய்ச்சல் பரவியது. தெருவிலே படுப்பவனின் காய்ச்சல் மாளிகைக்கும் வரலாம் என்ற பயம் வந்த பிறகுதான் நகரத்தார் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினார்கள். கருணையைவிடப் பயத்துக்குக் கால் வேகம் அதிகம். இந்த விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையில் இது மறுபடியும் வரும்.

1895-ல் தியோடர் ரூஸ்வெல்ட் போலீஸ் கமிஷனர்கள் சபையின் தலைவரானார். பின்னாளில் ஜனாதிபதியான அதே ரூஸ்வெல்ட்தான். ரீஸ் அவரை இரவு நேரங்களில் நகரத்தைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போவார். ஓர் இரவு இருவரும் சர்ச் தெரு ஸ்டேஷன் படியேறினார்கள். ரீஸ் தம் கதையைச் சொன்னார். ரூஸ்வெல்ட் கொதித்துப்போனார். 1896 பிப்ரவரி 15-ஆம் தேதி, நியூயார்க் போலீஸ் ஸ்டேஷன்களின் படுக்கை அறைகள் இழுத்து மூடப்பட்டன. தமது சுயசரிதத்தில் இதைச் சொல்லும் அத்தியாயத்துக்கு, தம் நாயின் சாவுக்குப் பழி தீர்ந்தது என்ற பொருளில் ரீஸ் தலைப்புக் கொடுத்திருக்கிறார்.

முதலில் படித்தபோது எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது. பிறகு தேதியைக் கவனித்தேன். பிப்ரவரி மாதம். நியூயார்க்கில் பனி கொட்டும் காலம். அன்று வரை பலகையில் படுத்தவர்கள் அன்றிரவு எங்கே படுத்திருப்பார்கள்? அவசரத்துக்கு, நதிக்கரையில் ஒரு பெரிய படகைக் கட்டி நிறுத்தி, நகரம் அதில் படுக்கை போட்டது. 1909-ல்தான் கிழக்கு 25-ஆம் தெருவில் அதற்கென்றே ஒரு பெரிய விடுதி எழுந்தது. மோசமான ஓர் இடத்தை மூட ஒரு கையெழுத்துப் போதும். நல்ல இடத்தை நடத்துவதற்கோ ஒவ்வோர் இரவும் ஆள் வேண்டும், சோறு வேண்டும், பொறுமை வேண்டும்.

அந்த விடுதி கண்டிப்பான விடுதி. வந்தவர் குளித்தாக வேண்டும். உடுத்திய துணிகளை வாங்கிப் புகையூட்டிக் கிருமி போக்கிக் காலையில் கொடுப்பார்கள். சுத்தமான கட்டில், இரவு உணவு, காலை உணவு எல்லாம் உண்டு. இத்தனை இருந்தும் அங்கே போகக் கூசியவர்கள் உண்டு என்றால், எனக்கு ஆச்சரியமில்லை. உடுத்திய துணியைக் கூட ஓர் இரவு அந்நியரிடம் ஒப்படைக்கும்போது மனிதன் தன்னையே ஒப்படைத்துவிட்டதாக உணர்கிறான்.

காலம் ஓடியது. 1970-களின் கடைசியில் நியூயார்க் தெருக்களில் மறுபடியும் ஆயிரக்கணக்கானவர்கள் படுத்துக் கிடந்தார்கள். ஏழைகளைப் பராமரிப்பது பொதுப் பொறுப்பு என்று அந்த மாகாணத்தின் அரசியல் சட்டத்தில் 1938-லேயே ஒரு ஷரத்து எழுதப்பட்டிருந்தது. ராபர்ட் ஹேய்ஸ் என்ற இளம் வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். 1979-ல், தெருவாசிகளான சிலரின் பெயரால் வழக்குப் போட்டார். வழக்கில் முதல் பெயர் ராபர்ட் காலஹான். 1981 ஆகஸ்டில் நகரம் சமரசத்துக்கு வந்தது: கேட்டு வரும் வீடில்லாத ஆண்களுக்குப் படுக்கை கொடுத்தாக வேண்டும். ஆனால் காலஹான் அந்தப் படுக்கையில் ஓர் இரவும் படுக்கவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே தெருவில் இறந்துவிட்டார்.

அந்த ஒப்பந்தத்தில் சில ஷரத்துகள் கல்யாணச் சீர் ஜாபிதாவைப் போல் இருக்கின்றன. கட்டிலின் அகலம் குறைந்தது 30 அங்குலம். சுத்தமான மெத்தை, இரண்டு விரிப்பு, ஒரு போர்வை, தலையணை, உறை, துண்டு, சோப்பு. இவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது: ஒவ்வொருவருக்கும் பூட்டக்கூடிய ஒரு பெட்டி. இந்த இடத்தில் வந்ததும் நான் நின்றுவிட்டேன். சர்ச் தெருவில் ஒரு கயிறு அறுபட்டு நூற்றுப் பதினோரு வருஷம் கழித்து, ஏழையிடமும் பறிபோகக்கூடிய பொருள் ஒன்று இருக்கும் என்று ஒரு நகரம் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறது.

எழுதிய பெட்டி எல்லாருக்கும் பத்திரத்தைக் கொண்டுவரவில்லை. 1980-களில் பழைய படைப் பயிற்சி மண்டபங்களில் நூற்றுக்கணக்கான கட்டில்களை வரிசையாகப் போட்டார்கள். திருட்டும் அடிதடியும் அங்கே சகஜமாயின. "இடம் கொடுத்தும் ஏன் தெருவிலேயே படுக்கிறார்கள்?" என்று வீட்டில் படுப்பவர்கள் கேட்டார்கள். விடுதிகளில் மனைவியோடு படுக்க முடியாது. நாயைக் கொண்டு போக முடியாது. இரண்டு பைக்கு மேல் சாமான் இருந்தால் வாசலிலேயே தகராறு. நட்டநடுத் தெருவில் தன் கூடாரத்தில் இவை மூன்றும் கூட இருக்கும். எது பத்திரம் என்று படுப்பவர்தானே சொல்ல வேண்டும்?

அப்படிச் சொல்லவும் செய்தார்கள் சிலர். 2000 டிசம்பரில் ஆரெகன் மாகாணத்துப் போர்ட்லண்டு நகரில் ஒரு சிறு கூட்டம் கூடாரம் அடித்தது. போலீஸ் விரட்ட விரட்ட, கடைகளில் சாமான் தள்ளும் வண்டிகளில் தங்கள் உடைமைகளை ஏற்றி ஊர்வலமாக அடுத்த இடத்துக்குப் போனார்கள். 2001-ல் நகரசபை, உதிர்ந்த இலைகளை மக்கவைக்கும் தன் இடத்தில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தது. ஊருக்கு வெகு தூரம். 'கண்ணியக் கிராமம்' என்று அதற்குப் பெயரிட்டார்கள். தங்களுக்குள்ளேயே தேர்தல் நடத்தி நிர்வாகிகளை வைத்துக்கொண்டார்கள். வாசற்காவல் முறை வைத்து அவர்களே பார்த்தார்கள். விதிகள் ஐந்தே ஐந்து. அடிதடி கூடாது என்பது ஒன்று, திருடக் கூடாது என்பது ஒன்று. 2004-ல் நகரசபை அதைச் சட்டபூர்வமான முகாமாகவே அங்கீகரித்தது.

மற்ற நகரங்களைத் தள்ளிவிட மறுபடியும் நோய் வரவேண்டியிருந்தது. கலிபோர்னியாவின் ஸான் டியேகோவில் 2017-ல் மஞ்சள் காமாலை கொண்டுவரும் ஒரு கிருமி, கழிப்பிடமும் கைகழுவத் தண்ணீரும் இல்லாத தெருவாசிகளிடையே பரவியது. சுமார் 600 பேர் நோயுற்றார்கள். 20 பேர் இறந்தார்கள். தெருக்களை மருந்து போட்டுக் கழுவினார்கள். அந்த அக்டோபரில் நகரசபையின் சாமான் முற்றம் ஒன்றைத் திறந்து கூடாரங்கள் அடிக்க இடம் விட்டார்கள். வேறு தங்குமிடங்கள் தயாரானதும் அதை மூடினார்கள்.

2020-ல் கொரோனா வந்தது. ஸான் பிரான்ஸிஸ்கோவில் விடுதிகள் ஆள் சேர்ப்பதைக் குறைத்தன. நடைபாதைகள் கூடாரங்களால் நிறைந்தன. அந்த மே மாதம், நகரசபை மாளிகைக்கு எதிரே, பொது நூலகத்துக்கும் ஆசியக் கலை மியூஸியத்துக்கும் நடுவே உள்ள வீதியை அடைத்தார்கள். தரையில் வெள்ளை வர்ணத்தால், ஆறடி இடைவெளி விட்டுச் சதுரங்கள் வரைந்தார்கள். சதுரத்துக்கு ஒரு கூடாரம். கழிப்பறை வந்தது, சாப்பாடு வந்தது, இரவும் பகலும் காவல் வந்தது. அங்கே நடத்தும் பொறுப்பை ஏற்ற அர்பன் ஆல்கெமி என்ற அமைப்பின் ஊழியர்களில் பெரும்பாலோர் சிறைவாசம் அனுபவித்துத் திரும்பியவர்கள். ரீஸின் நாளில் போலீஸ்காரர் காவல் இருந்தார். இப்போது ஒரு காலத்தில் அந்தப் போலீஸிடம் பிடிபட்டவர்கள் காவல் இருந்தார்கள். சரித்திரத்துக்கும் சிரிக்கத் தெரியும்.

2021-ல் கணக்குப் பார்த்தார்கள். அந்த நகரத்தில் இத்தகைய இடங்களிலிருந்த 262 கூடாரங்களுக்கு ஆண்டுச் செலவு 1 கோடியே 61 லட்சம் டாலர். கூடாரத்துக்கு 61,000 டாலருக்கு மேல்! இதற்கு ஒரு வீட்டையே வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கலாமே என்று பலர் கூச்சலிட்டார்கள். நியாயமான கூச்சல்தான். ஆனால் ஒரு கூடாரத் துணிக்கு எவ்வளவு விலை இருந்துவிடப் போகிறது? பணத்தின் பெரும்பகுதி சோறு, கழிப்பறை, இரவு பகலாக விழித்திருக்கும் ஆட்கள் என்று போயிற்று. ரயில் சந்திப்புக் கிழவி எனக்கு இனாமாகக் கொடுத்ததன் சந்தை விலையை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அந்த இடங்களும் பின்னர் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

இந்தக் கதையில் சட்டமும் ஒரு பாத்திரம். படுக்க இடம் கொடுக்காத ஊர், வெளியே படுத்ததற்காக ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2018-ல் மேற்கு மாகாணங்களுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் தெருவில் கூடாரத்தைத் தடை செய்ய விரும்பிய ஊர், முதலில் ஓர் இடத்தைக் காட்டவேண்டி வந்தது. 2023 ஜூனில் ஸான் டியேகோ நகரசபை இரண்டையும் சேர்த்தே செய்தது. பொது இடத்தில் கூடாரம் அடிப்பதற்குத் தடை விதித்தது. 2017-ல் திறந்து மூடிய அதே முற்றத்தில் 136 கூடாரங்களோடு பத்திரத் தூக்க இடத்தைத் திறந்தது. அந்த இலையுதிர் காலத்தில் பல்போவா பூங்காவின் ஓரத்தில் இன்னும் பெரிதாக, 400 கூடாரங்கள் வரை கொள்ளும் இடம் ஒன்றும் வந்தது. 2024 ஜூன் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், 6-க்கு 3 என்ற கணக்கில், படுக்க வேறு இடமில்லாவிட்டாலும் வெளியே படுப்பவரைத் தண்டிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதமல்ல என்று தீர்ப்பளித்து முந்தைய விதியை நீக்கிவிட்டது. ஓர் இடத்தை நடத்தியே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இனி அந்த வழியாக இல்லை.

ஆகவே வெள்ளைக் கோட்டைப் பார்த்து நான் முழு மனத்தோடு மகிழ முடியவில்லை. 'இங்கே படுக்கலாம்' என்று சொல்லும் கோடு, 'அங்கே படுத்தால் குற்றம்' என்றும் சொல்கிறது. கூடாரம் வீடாகிவிடாது. வெயிலில் கொதிக்கும், மழையில் ஒழுகும். வருஷக்கணக்காக அதில் ஒருவரை வைத்திருப்பது தர்மமும் ஆகாது. ஆனாலும், வீடு கிடைக்கும் வரை இரவுகள் காத்திருப்பதில்லை. இன்றைக்கும் இரவு வரும். அதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை யாராவது நடத்தத்தான் வேண்டும்.

நடத்துகிறவர்களை எப்படி எடை போடுவது? கூடாரங்களை எண்ணி அறிக்கை கொடுக்கிறார்கள். செலவை எண்ணிக் கொடுக்கிறார்கள். நான் வேறு ஒன்றைப் பார்ப்பேன். நடு இரவில் ஒருவர் கூடாரத்திலிருந்து ஓடிவந்து, "என் பொருளைக் காணோம்" என்கிறார். வாசலில் இருப்பவர் என்ன சொல்கிறார்? "உனக்கு ஏது அது?" என்கிறாரா, "என்ன பொருள், எங்கே வைத்திருந்தீர்கள்?" என்கிறாரா? முதல் கேள்வி 1870-ஆம் வருஷத்துக் கேள்வி. வேலியும் விளக்கும் எத்தனை போட்டாலும், அதைக் கேட்கும் இடம் இன்னும் சர்ச் தெருவிலேயே இருக்கிறது.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஸான் டியேகோவின் அந்தக் கூடார இடங்களில், தம்பதிகள் ஒரே கூடாரத்தில் சேர்ந்து இருக்கலாம் என்று அனுமதித்தார்கள். சாமான்களோடு வரலாம் என்றார்கள். நாயையும் கூட்டி வரலாம் என்றார்கள். 1896-ல் கதவை மூடிய அன்றே தம் நாயின் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று ரீஸ் எண்ணினார். அவருக்கு அப்படித் தோன்றியது இயற்கைதான். எனக்கு என்னவோ, ஏதோ ஓர் இரவில் ஒரு வாசற்காவலர், நனைந்த நாயோடு வந்து நின்ற ஒருவரைப் பார்த்து, "இரண்டு பேரும் உள்ளே வாருங்கள்" என்று கதவைத் திறந்தாரே, அப்போதுதான் அந்தக் கணக்கில் முதல் வரவு வைக்கப்பட்டது என்று தோன்றுகிறது.